நைனாவின் விலா

“ஆம்பளைங்களுக்கு ஒண்ணு கம்மி, டீச்சர்.”

யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாக எழுந்து நின்று சொன்னேன். மனித உடம்பில் விலா எலும்புகள் எத்தனை என்று கமலா டீச்சர் கேட்டார். முன் பெஞ்சில் ஒருத்தி இருபத்து நான்கு என்றாள். டீச்சரும் சரி என்று கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டார். அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம்.

“இருபத்து நாலு பொம்பளைங்களுக்குத்தான். ஆம்பளைங்களுக்கு எடது பக்கத்துல ஒண்ணு இருக்காது. நானே தொட்டுப் பாத்துக்கீறேன், டீச்சர்.”

“யாரத் தொட்டுப் பாத்தேடி?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். வகுப்பே சிரித்தது.

டீச்சர் சிரிக்கவில்லை. காஞ்சிபுரத்தில் தறி போடும் குடும்பத்திலிருந்து படித்து வந்தவர். சத்தமாகப் பேசி நான் கேட்டதே கிடையாது. சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டு மூலை அலமாரியைத் திறந்தார். பிளஸ் டூ வந்த புதிது அது. உத்திரமேரூரில் எங்கள் பள்ளிக்கு அப்போதுதான் ஒரு முழு எலும்புக்கூடு வந்திருந்தது. கண்ணாடி வழியாக மட்டுமே அதைப் பார்த்திருந்தோம். கதவு திறந்ததும் பாச்சை உருண்டையும் வார்னிஷும் கலந்த வாசனை வகுப்புக்குள் இறங்கியது.

“வா, சாராள். நீயே எண்ணு.”

இடது பக்கத்தைத்தான் முதலில் எண்ணினேன். முதல் எலும்பு கழுத்துக்கு அடியில் ஒளிந்திருந்தது. அதை டீச்சர் காட்டினார். அங்கிருந்து விரலை வைத்து வைத்துக் கீழே வந்தேன். கம்பி போட்டுக் கட்டிய இடங்களில் விரல் தடுக்கியது. பன்னிரண்டு. வலது பக்கமும் பன்னிரண்டு.

“இது பொம்பள எலும்பா, டீச்சர்?”

“ஆம்பளதான். இடுப்பெலும்பைப் பாரு, எவ்வளவு குறுகலா இருக்கு. பொம்பளைக்கு இது அகலமா இருக்கும்.”

மறுபடி எண்ணினேன். அதற்குப் பிறகும் எண்ணினேன். சிரிப்பெல்லாம் ஓய்ந்துவிட்டது. நாலாவது முறைக்கு விரலை வைத்தபோது டீச்சர் என் தோளைத் தொட்டார். “போய் உக்காரும்மா, பரவாயில்ல” என்றார். உட்கார்ந்தேன். அதற்கப்புறம் அவர் நடத்திய பாடத்தில் ஒரு சொல்கூட என் காதில் விழவில்லை.

அந்த எலும்புக்கூடு உண்மையென்றால், பொய் சொன்னது யார்? வேதமா, நைனாவா? அன்றுவரை எனக்கு அவை இரண்டும் ஒன்றுதான்.

கை இறங்கிய பள்ளம்

நைனா என்றால் என் அப்பா. காவாந்தண்டலத்துக்குப் பக்கத்தில், ஓடு வேய்ந்த ஒரு சின்னக் கிறிஸ்தவக் கோயிலில் உபதேசியாராக இருந்தார். குருவானவர் மாதம் ஒருமுறை காஞ்சிபுரத்திலிருந்து வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். மற்ற ஞாயிறுகளில் பிரசங்கம், நோயாளிகளுக்கு ஜெபம், பிள்ளைகளுக்கு வேதபாடம் எல்லாம் நைனாதான்.

கோடை விடுமுறையில் ஒரு வாரம் வேதப் பள்ளி நடக்கும். கடவுள் ஆறு நாளில் உலகத்தைப் படைத்த கதையை ஆறு நாளும் சொல்வார். சொல்வார் என்பதைவிடச் செய்து காட்டுவார் என்று சொல்ல வேண்டும்.

முதல் நாள் வெளிச்சம். கோயில் ஜன்னல்களையெல்லாம் சாக்குப் போட்டு மூடி எங்களை இருட்டில் உட்கார வைப்பார். சித்திரை மாதத்து வேக்காட்டில் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு நாங்கள் முனகுவோம். சட்டென்று ஒரு சாக்கை உருவுவார். கண் கூசும். “உண்டாச்சா?” என்பார். “உண்டாச்சி!” என்று கத்துவோம். மூன்றாம் நாள் முளைவிட்ட கேழ்வரகு வரும். ஐந்தாம் நாள் ஏரியில் பிடித்த கெண்டை மீன் ஒரு சட்டி நிறைய வரும், கூடவே ஒரு கோழியும். உலகத்துக்கு வயது ஆறாயிரம் என்று எங்களுக்குத் தெரியும். வேதத்தில் வரும் ஆட்களின் வயதை வரிசையாகக் கூட்டி அவரே சுவரில் கரியால் எழுதிக் காட்டியிருந்தார்.

ஆறாம் நாள் மனிதன்.

அன்றைக்குச் சட்டையைக் கழற்றிவிட்டு பனியனோடு நிற்பார். ஆதாமைத் தூங்க வைத்து, அவன் விலாவிலிருந்து ஓர் எலும்பை எடுத்து, அந்த இடத்தைச் சதையால் மூடி, எடுத்த எலும்பில் ஏவாளை உண்டாக்கிய கதையைச் சொல்வார். சொல்லிக்கொண்டே இடது கையைத் தூக்குவார்.

“எங்கேர்ந்து எடுத்தாரு? வா, தொட்டுப் பாரு.”

ஒவ்வொருவராகப் போய்த் தொடுவோம். அக்குளுக்குக் கீழே கையை வைத்தால் எலும்பு தட்டாது. மெத்தென்று ஒரு பள்ளத்துக்குள் கை இறங்கும். எனக்கு ஒவ்வொரு வருஷமும் புல்லரிக்கும். கடவுளின் விரல் பட்ட இடத்தில் என் விரலும் படுகிறது என்று நினைத்துக்கொள்வேன். ஆண்பிள்ளைகள் தங்கள் விலாவையும் தடவிப் பார்ப்பார்கள். “எனுக்கும் கீதுடா பள்ளம்!” என்று ஒருவனுக்கொருவன் சொல்லிக்கொள்வார்கள். எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. வேறு யாருடைய விலாவைத் தொட்டுப் பார்ப்பேன்?

இதில் ஒன்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். அம்மாவிடம் ஒருநாள் அந்தப் பள்ளத்தைப் பற்றிக் கேட்டபோது, “சின்ன வயசுல புளிய மரத்துலேர்ந்து வுயுந்துட்டாராம். அதான் அவுருக்கு அப்டி உள்ள போயிடுச்சி” என்றார். அப்படியானால் ஆதாம்? “அது எல்லா ஆம்பளைங்களுக்கும் ஒண்ணு கம்மிதான். இவுருக்கு மரத்துலேர்ந்து வுயுந்ததுல கொஞ்சம் தூக்கலா தெரியுது.” அம்மாவுக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. எனக்கும்தான்.

ஒட்டிய பக்கங்கள்

எங்கள் சபையின் மூப்பர் தானியேல். வாலாஜாபாத்தில் ஒரு அரிசி மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வேதத்தை வருஷத்துக்கு ஒருமுறை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்து முடிப்பவர். “ஒரு எயுத்து பொய்யின்னா மொத்தமும் பொய்” என்பது அவருடைய பேச்சு.

அவருடைய பேத்தி ரூத் என் வகுப்பில் படித்தாள். எங்கள் விலங்கியல் புத்தகத்தில் கடைசியாகப் பரிணாமப் பாடம் இருந்தது. ரூத்தின் புத்தகத்தில் அந்தப் பக்கங்களை மட்டும் மூப்பர் கோந்து போட்டு ஒட்டிவைத்திருந்தார். ரூத் என் புத்தகத்தை வாங்கிப் படிப்பாள். நைனா என் புத்தகத்தில் எதையும் ஒட்டவில்லை. பாடத்தை ஒருமுறை முழுக்கப் படித்துப் பார்த்துவிட்டு, “படி. பரீட்சைக்கு எழுது. நம்பணும்னு இல்ல” என்று திருப்பிக் கொடுத்தார்.

பிற்காலத்தில் நானே பள்ளியில் உயிரியல் ஆசிரியையாகி அந்தப் பாடத்தைப் பல வருஷம் நடத்தினேன். ஞாயிறு தவறாமல் கோயிலுக்கும் போகிறேன். எப்படி இரண்டும் ஒத்துப்போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. ஒத்துப்போகிறது என்று நான் சொன்னதே இல்லை.

சரி, அன்றைக்கு வருகிறேன்.

ரூத் என்மேல் கோபத்தில் சொல்லவில்லை. பள்ளியில் பார்த்த அதிசயத்தை வீட்டில் போய் மூச்சுவிடாமல் சொல்லியிருக்கிறாள், அவ்வளவுதான். விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்னாலேயே மூப்பர் எங்கள் வாசலில் நின்றார். அம்மா உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தார்.

“உபதேசியாரே, உம்ம பொண்ணு எலும்ப எண்ணிட்டு, வேதம் பொய்யின்னு சொல்லிச்சாமே?”

“நான் அப்டி சொல்லல, தாத்தா.”

“பன்னெண்டும் பன்னெண்டும்னு சொன்னியா இல்லியா?”

“எண்ணினேன்.”

“அப்போ வேதம் இன்னா ஆச்சி?”

மத்தியானத்திலிருந்து நானும் எனக்குள்ளே கேட்டுக்கொண்டிருந்தது அதுதான்.

மூப்பர் நைனாவிடம் திரும்பினார். “ஞாயித்துக்கெயம பிரசங்கத்துல நீரு சொல்லணும். அந்த எலும்பு பொய், எவனோ சேத்துக் கட்டினது, வேதம்தான் நெசம்னு சொல்லணும். இந்தப் பொண்ணும் எய்ந்து நின்னு, தப்பா எண்ணிட்டேன்னு சொல்லட்டும். அத்தோட இந்தப் படிப்பு போதும். ரூத்த நான் நிறுத்தப் போறேன்.”

நைனா வாதாடுவார் என்று காத்திருந்தேன். எதற்கும் ஒரு வசனம் வைத்திருப்பவர் அவர். அன்று வலது கையால் இடது அக்குளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஞாயித்துக்கெயம சொல்றேன்” என்றார்.

மூப்பர் போன பிறகு நான் அவர் பக்கத்தில் போனேன். “நைனா, நீங்க தொடச் சொன்னது இன்னா?”

“ஞாயித்துக்கெயம சொல்றேன்னு சொன்னேன் இல்ல?” என்று கத்தினார். என்னிடம் அவர் கத்தியது அதுதான் முதல் தடவை. கத்திவிட்டு அவரே பயந்துபோனதுபோல் என்னைப் பார்த்தார்.

அம்மா எழுந்து நின்றார்

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. செய்தி ஊர் முழுக்கப் போயிருந்தது. ஆண்கள் வலப்பக்கப் பாயில், பெண்கள் இடப்பக்கப் பாயில். தேங்காயெண்ணெயும் மல்லிகையும் மணந்தன. நான் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து நின்று என்ன சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தப்பா எண்ணிட்டேன். தப்பா எண்ணிட்டேன்.

நைனா பிரசங்க மேடையில் ஏறினார்.

“மூப்பரே, வேதத்தத் தொறங்க. ஆதாமோட விலாவுலேர்ந்து எலும்ப எடுத்தாருன்னு போட்டுக்கீது. அவனுக்குப் பொறந்த புள்ளைங்களுக்கும் கம்மியா இருக்கும்னு எங்க போட்டுக்கீது? காட்டுங்க.”

மூப்பர் புரட்டினார். அந்த மெல்லிய தாள்கள் சரசரக்கும் ஓசை மட்டும் கேட்டது. ஆண்கள் பக்கத்தில் சிலர் ஒன்றும் தெரியாததுபோல் தங்கள் விலாவை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஆதாம் புள்ள காயீனுக்குக் கம்மியா? நோவாவுக்குக் கம்மியா? ஒருத்தனுக்குக் கை போயிடுச்சின்னா அவன் புள்ள கையில்லாமயா பொறக்குது? என் பொண்ணு எண்ணினது சரி. வேதமும் பொய் சொல்லல. நான்தான் வேதத்துல இல்லாதத சொல்லிட்டேன்.”

“அப்போ இத்தினி வருசமா புள்ளைங்களுக்குத் தொட்டுக் காட்டினியே, அது இன்னாய்யா?” என்றார் மூப்பர்.

நைனா மேடையின் கட்டையைப் பிடித்துக்கொண்டார்.

“எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாடி டி.பி. வந்துச்சி. ஆஸ்பத்திரியில வெச்சி எலும்ப எடுத்தாங்க. நுரையீரல் அமுங்கினா நோவு ஆறும்னு அப்போல்லாம் அப்டித்தான் செய்வாங்க. கொண்டுபோற அன்னிக்கு நான் நடுங்கினு கீறேன். ஒரு வயசான நர்ஸம்மா வந்து ஆதாம் கதைய எனக்குப் படிச்சாங்க. கர்த்தரே தூங்க வெச்சிட்டுத்தான் அறுத்தாரு, நீ இன்னாத்துக்குப் பயப்படுறேன்னாங்க. அந்த வசனத்தப் புடிச்சிக்கினுதான் நான் தூங்கினேன். கண்ணத் தொறந்தப்போ உசுரோட இருந்தேன். அன்னியிலேர்ந்து அது எனக்காகவே எழுதினதுன்னு நெனச்சிக்கினேன். புள்ளைங்க கைய அங்க வெச்சப்போ, இதுதான் ஆதாம் எலும்புன்னு சொல்லிட்டேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நெசமாயிடுச்சி.”

வருஷா வருஷம் நான் தொட்டது கடவுளின் விரல் பட்ட இடம் இல்லை. ஒரு கத்தி பட்ட இடம்.

அப்போது என் பக்கத்தில் பாய் அசைந்தது. அம்மா எழுந்து நின்றார்.

எங்கள் கோயிலில் ஆராதனை நடக்கும்போது பெண்கள் பேசிப் பார்த்ததே இல்லை. அம்மா நைனாவை ‘நீங்க’ என்பதைத் தவிர வேறு மாதிரி கூப்பிட்டும் நான் கேட்டதில்லை.

“மரத்துலேர்ந்து வுயுந்தேன்னு சொன்னியே?” என்றார்.

நைனா மேடையின் கட்டையிலிருந்து கையை எடுத்தார்.

“எங்கண்ணன் அந்த இருமல்லதான் ரத்தம் ரத்தமா கக்கிச் செத்தான். அது உனுக்குத் தெரியும். உனுக்கும் அந்த நோவுன்னு தெரிஞ்சிருந்தா நான் உன்னக் கட்டிக்கினு இருந்திருக்க மாட்டேன்.”

“தெரியும். அதனாலதான் சொல்லல” என்றார் நைனா.

அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பெண்களுக்கு நடுவில் வழி செய்து வெளியே போனார். நான் எழுந்து பின்னால் ஓடினேன். வாசல்படியில் திரும்பிப் பார்த்தபோது இன்னொன்றையும் பார்த்தேன். மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் பாயைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு தனி டம்ளர்

ஆதாமைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை. எலும்பு எத்தனை, வேதம் சரியா தப்பா, எல்லாம் அன்றோடு காணாமல் போய்விட்டது. நோய் என்ற ஒரு பேச்சு மட்டும் மிஞ்சியது. நேற்றுவரை நைனாவைத் தலையில் கை வைத்து ஜெபிக்கச் சொன்ன வீடுகளில், அவர் வருவதைப் பார்த்ததும் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். வேதம் பொய் என்று கேட்டுக்கூட அவர்கள் இவ்வளவு அதிர்ந்ததாக எனக்கு நினைவில்லை.

ரூத் திங்கட்கிழமை பள்ளிக்கு வரவில்லை. அப்புறமும் வரவில்லை. அடுத்த வருஷம் தாமல் பக்கம் அவளைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். வேதத்தில் இல்லாதது என்று நைனா மேடையிலேயே சொன்ன பிறகும் மூப்பர் அவள் விஷயத்தில் இறங்கிவரவில்லை.

எங்கள் வீட்டில் அம்மா நைனாவின் டம்ளரையும் தட்டையும் தனியாக எடுத்து வைத்தார். சோறு போட்டார், துணி துவைத்தார், ஆனால் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த டம்ளரை மாடத்தில் தனியாகப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தூக்கிவாரிப் போடும். நைனா அதிலேயே காப்பி குடித்துவிட்டு, அதைத் தானே கழுவி, திரும்ப மாடத்தில் வைப்பார்.

அவர்மேல் எனக்கும் கோபம்தான். ஆனால் எதற்குக் கோபம் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பொய் சொன்னதற்கா, உண்மையைச் சொன்னதற்கா?

கடைசியில் மூப்பர் ஆள் அனுப்பினார். பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்து, நோய் இல்லை என்று டாக்டர் வாயால் கேட்டு வந்தால்தான் மேடை ஏறலாம். நைனா சரி என்றார். கிளம்பும் நாளில் அம்மாவும் புடவை மாற்றிக்கொண்டு வந்தார். “டாக்டர் சொல்றத நான் கேக்கணும். எனுக்கு இனிமே யார் சொல்லியும் நம்பிக்கையில்ல” என்று என்னிடம் சொன்னார். செங்கல்பட்டு பஸ்ஸில் நான் நடுவில் உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்தபடி வந்தார்கள்.

ஜன்னலில் பிடித்த படம்

டாக்டர் சின்ன வயசுக்காரர். ஈரம் காயாத அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். நாங்கள் மூன்று பேரும் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றோம். வலது பக்கம் வெள்ளைக் கோடுகள் வரிசையாக வளைந்து இறங்கின. அதே மாதிரி வரிசையைப் பள்ளியில் எண்ணிய கை என்னுடையது. இடது பக்கம் மேலே ஒன்றும் இல்லை. கீழே நாலைந்து கோடுகள். அதற்கு மேலே வெறும் புகைபோல இருந்தது.

“பழைய ஆபரேஷன்” என்றார் டாக்டர். “நோய் எப்பவோ ஆறிப்போச்சு. யாருக்கும் ஒட்டாது, தைரியமா இருங்க. இப்பல்லாம் இத யாரும் செய்யறதில்ல, மாத்திர வந்தாச்சு.” பிறகு விரலால் அந்தப் புகையைத் தொட்டுக் காட்டினார். “ஏழு எலும்பு எடுத்திருக்காங்களே, பெரியவரே. மூச்சு வாங்கறதில்லையா?”

ஏழு.

நான் நைனாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். பிள்ளைகளிடம் ஒன்று என்றார். மேடையில் எல்லாவற்றையும் சொன்ன அன்றும் ஏழு என்று அவர் வாயில் வரவில்லை. வேதத்தில் ஒன்று என்று இருந்ததால், தன் உடம்பிலும் ஒன்றைத் தவிர மற்றதை அவர் எண்ணவே இல்லைபோல. கோயிலில் கேட்டதைவிட இது என்னை அதிகமாக உலுக்கியது. பொய் சொல்கிறவர் முகம் எனக்குத் தெரியும். அந்த ஜன்னலோரம் நின்றது அப்படிப்பட்ட முகம் இல்லை.

அம்மா படத்துக்குப் பக்கத்தில் போனார். டாக்டரிடம் கேட்காமலே அந்த வெற்றிடத்தில் விரலை வைத்தார். மேலிருந்து கீழே, இல்லாத எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணுகிறவர்போல விரல் இறங்கியது. பாதியில் நின்றுவிட்டது.

பிறகு நைனாவின் பக்கம் திரும்பினார். அந்த ஞாயிற்றுக்குப் பிறகு அவர் முகத்தைப் பார்த்து அம்மா பேசியது அப்போதுதான்.

“இத்தினி எலும்பு இல்லாமயா தெனமும் எனுக்குக் கெணத்துல தண்ணி எறச்சிக் குடுத்தீங்க?”

நைனா தன் கைகளைப் பார்த்தார்.

“வலது கையாலதான எறச்சேன்” என்றார்.